இன்ஜினியரம்மா வீட்டுக்காரர் என்ன உடுத்துவது?

ஜனவரி 19, ஞாயிறு

மில் கம்பெனிக்காரர்கள் கடைக்கு வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. இதுவரை எந்த டைரியிலும் பால் கணக்கைத் தாண்டி நான் எழுதியதில்லை. இன்று எழுத விஷயம் இருக்கிறது.

பூங்கோதைக்கு இன்று பாராட்டு விழா. புயலில் கடலோரத்து மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தபோது, ஊர் ஊராகப் போய்த் திரும்பக் கரண்ட் கொடுத்தவள் என் மனைவி. மின்வாரியத்தில் செயற்பொறியாளர். நான் அம்பலவாணன், பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சூட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். இந்த ஊர் மாப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கோட் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு உடுத்தத் தெரியும் என்று நானே சொல்லிக்கொண்டால் அது தற்பெருமை ஆகாது.

நேவி ப்ளூ கோட், வெள்ளைச் சட்டை. டை கட்டவில்லை, கட்டினால் விழா நடத்துகிறவர்களுக்குக் கூச்சமாகிவிடும். பூங்கோதை பச்சைக் காட்டன் சேலை, அரக்கு பார்டர். மண்டப வாசலில் அவளுக்கு சப்ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கைப்பையை நீட்டினாள். அதற்குள் டெஸ்டர், டார்ச், கட்டிங் பிளேயர் எல்லாம் கிடக்கும். கருங்கல் மாதிரி கனக்கும். கோட் போட்டவன் கையில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கடையில் நான் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் சொல்லும் பாடம். தோள் இறங்கி ஷேப் போய்விடும். பையை முன்வரிசை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, விழா நடத்தும் மலர்ச்சி நண்பர்கள் வட்டத்தின் தலைவர் கதிரேசன் வந்தார். "வாங்க சார், வாங்க வாங்க" என்று என் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டீசில் பூங்கோதை அம்பலவாணன் என்று சரியாகத்தான் அச்சடித்திருந்தார்கள். மனிதருக்குப் பின்பாதி மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. மைக்கில் புகழ்ந்தார்கள், பொன்னாடை என் தோளில் விழுந்தது, கேடயம் என் கைக்கு வந்தது. பூங்கோதை வெளியே போனில் இருந்தாள். நான் என்ன செய்ய முடியும்? மேடையில் போர்த்திய பொன்னாடையை உருவிப் போட்டால் போர்த்தியவர் மனசு என்ன பாடுபடும்? நின்றேன்.

பிறகு விஷயம் தெரிந்து கதிரேசன் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்னொரு பொன்னாடை தேடினார்கள், கிடைக்கவில்லை. அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தோம். வீடு வரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. நாள் முழுக்க வேலை, பாவம், அசதியாக இருக்கும்.

ஜனவரி 20, திங்கள்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. "மின் பொறியாளருக்குப் பாராட்டு" என்று தலைப்பு. படத்தில் நான் மட்டும். கோட்டின் தோள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. டெய்லர் அமலதாஸ் கை கைதான்.

ஜனவரி 22, புதன்

கடையில் எல்லாரும் என்னை "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். கிண்டல்தான். சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது. தென்னக மின்பொறியாளர் பேரவையின் ஆண்டு விருந்து. பிப்ரவரி எட்டாம் தேதி, சென்னையில், பெரிய ஓட்டலில். நாலைந்து மாநிலத்துப் பெரிய பெரிய பொறியாளர்கள் வருகிறார்கள். பூங்கோதைக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள், அவள் பேசவும் வேண்டும். துணைவருடன் வரவும் என்று போட்டிருக்கிறது. கீழே ஒரு வரி: உடை, ஃபார்மல்.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இருபத்தைந்து வருடமாக மற்றவர்களை அனுப்பிவைக்கிறேன், நான் இப்படி ஒரு விருந்துக்குப் போனதே இல்லை. "கறுப்புல ஒரு சூட்டு தைக்கலாம் கோதை, டையோட" என்றேன்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் மட்டும் போய்ட்டு வந்துடறேங்க."

"ஏன், துணைவருடன்னு போட்டிருக்கே?"

"வரலாம்னு போட்டிருக்காங்க. வந்தே ஆகணும்னு போடலையே."

அவரைக்காய் ரொம்பப் பொடியாக நறுக்கியிருந்தாள். பொரியல் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

இரண்டு நாளாக யோசித்ததில் காரணம் பிடிபட்டுவிட்டது. தப்பு உடையில் இருக்கிறது. நான் நன்றாக உடுத்துகிறேன். அவள் வெயிலில் கறுத்து, கையில் கீறலோடு, காட்டன் சேலையில் வருகிறாள். பார்க்கிறவர்கள் யாரை ஆபீசர் என்று நினைப்பார்கள்? வங்கியில் அவள் கேட்ட கேள்விக்கு மேனேஜர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். வீட்டுக்கு வரும் கான்ட்ராக்டர் ஷூவைக் கழற்றும்போதே எனக்கு வணக்கம் வைப்பார். பேரவை விருந்திலும் அப்படி ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். நியாயம்தானே.

ஆக, நான் குறைத்து உடுத்த வேண்டும். எவ்வளவு குறைத்து என்பதுதான் கேள்வி. கோட்டே இல்லாமல் போனால் ஃபார்மல் என்று போட்டதற்கு மரியாதை இல்லை. ரொம்ப மட்டமாகப் போனால் இவளுடைய வீட்டுக்காரர் இப்படியா என்று அவளைத்தான் இளக்காரமாகப் பார்ப்பார்கள். கண்ணில் படாமலும், கண்ணை உறுத்தாமலும் இருக்க வேண்டும்.

கடை மாடிக்குப் போய் அமலதாஸிடம் சாம்பல் நிறத்தில் ஒரு துணியைக் கொடுத்தேன்.

"யாரு கண்ணுலயும் படாத மாதிரி ஒரு கோட்டு வேணும் அமலு."

அவர் துணியை விரல் இடுக்கில் கசக்கிப் பார்த்தார். "அண்ணே, முப்பது வருசமா தைக்கிறேன். எல்லாரும் பளிச்சுன்னு வேணும்பாங்க. படக்கூடாதுன்னு கோட்டு தைக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான். கோட்டே வேணாம்ணே, வீட்டுல இருந்துருங்க, அதவிடக் கண்ணுல படாம இருக்க முடியாது."

வாய்க்கொழுப்பு. ஆனாலும் அளவெடுத்துக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று ஒத்திகை பார்த்தேன். பூங்கோதையின் அலுவலகத்தில் கொடியேற்றம். அவள் ஜீப்பில் முன்னாலேயே போய்விட்டாள். நான் பழைய பழுப்புச் சட்டை ஒன்றைப் போட்டு, உள்ளே விடாமல், வெறும் செருப்போடு ஸ்கூட்டரில் போனேன். வாசலில் புது வாட்ச்மேன்.

"டிரைவருங்கல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க."

நின்றேன். நானே தேடிக்கொண்டதுதான், இருந்தாலும் சுருக்கென்று இருந்தது. அங்கிருந்து கொடிமரம் பக்கவாட்டில் தெரிந்தது. அவள் கயிற்றை இழுத்து முடிச்சை அவிழ்த்தாள். ஒரே இழுப்பு. பூ கொட்டியது. கூட நின்ற அத்தனை ஆண்களும் அவள் சல்யூட் வைத்த பிறகுதான் வைத்தார்கள். வீட்டில் நான் பார்க்காத ஒரு நிமிர்வு அது.

பக்கத்தில் ஒரு வயர்மேன், முத்துக்கண்ணு என்று பெயராம், என்னை ஏதோ கான்ட்ராக்ட் வண்டி டிரைவர் என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எங்க மேடம்ணே. புயலடிச்ச மறுவாரம் ஒரு ஊர்ல எங்கள ரோட்ட மறிச்சு உக்கார வச்சிட்டாங்க. எப்பக் கரண்ட் வரும், சொல்லிட்டுப் போங்கன்னு. மத்தவங்களா இருந்தா நாளைக்கு வந்துரும்னுட்டு ஜீப்புல ஏறிருவாங்க. இந்தம்மா என்னா பண்ணுச்சு தெரியுமா? சாக்பீஸ் வாங்கி ரேஷன் கடைச் செவுத்துல தேதிய எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுச்சு. அன்னைக்கு லைட் எரியலன்னா நானே இந்தச் செவுத்துக்கிட்ட வந்து நிக்கிறேன்னு சொல்லுச்சு. அப்புறம் போற ஊர்லல்லாம் எழுத ஆரம்பிச்சிருச்சு. எங்களால முடியுமான்னு இருந்துச்சு. ஆனா செவுத்துல எழுதிட்டாங்களேன்னு ராப்பகலா பாத்தோம்ல."

"எல்லா ஊர்லயும் சொன்ன தேதிக்கு வந்துச்சா?"

"ஒரு ஊர்ல தப்பிப்போச்சுண்ணே. டிரான்ஸ்பார்மர் வந்து சேரல. சொன்னபடி அன்னைக்கு வந்து செவுத்துக்கிட்ட நின்னுச்சு. திட்டுறவங்க திட்டி முடிக்கிற வரைக்கும் நின்னுச்சு. அப்புறம் முந்தானையால பழைய தேதிய அழிச்சிட்டு, புதுசா எழுதுச்சு. திட்டுன பொம்பளையே மோர் கொண்டாந்து குடுத்துச்சுண்ணே."

அந்தச் சேலை எனக்குத் தெரியும். முந்தானையெல்லாம் வெள்ளை வெள்ளையாக வந்தது. எந்தச் சுண்ணாம்புச் சுவரில் போய்ச் சாய்ந்தாளோ என்று முனகிக்கொண்டே துவைத்தேன். அந்த நாட்களில் அவள் வீட்டுக்கே வரவில்லை. சப்ஸ்டேஷனுக்குத் தினமும் மாற்றுச் சேலை கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கை வாங்கி வருவேன். ஏன் அழுக்காயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கோட் போட்டுப் போயிருந்தால் முத்துக்கண்ணு என்னிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். இப்பேர்ப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் சட்டைக் காலர் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கோதை என் சட்டையைப் பார்த்தாள். "இத எங்க புடிச்சீங்க? வண்டி தொடைக்கிற துணி மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

ஜனவரி 29, புதன்

சாம்பல் கோட்டைப் பாதி தைத்த நிலையில் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். இதில் நான் யார் கண்ணிலும் பட மாட்டேன், நீ தைரியமாகக் கூட்டிப் போகலாம் என்றேன்.

"நான்தான் தனியாப் போறேன்னு சொன்னேனே" என்றாள்.

கோட் நன்றாக இல்லை. எனக்கே தெரிந்தது.

பிப்ரவரி 1, சனி

நண்பர்கள் வட்டம் விழா ஆல்பத்தை அனுப்பிவைத்திருக்கிறது. கடைக்கே வந்தது. எல்லாப் படத்திலும் நான். ஒரு படத்தில் பொன்னாடையோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அதன் இடது ஓரத்தில், மேடைப் படிக்கட்டில், ஒரு பச்சைச் சேலையின் அரக்கு பார்டர் தெரிகிறது. போனைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரிகிறது. அரக்கு பார்டர் சேலை யாரிடம்தான் இல்லை? மண்டபம் முழுக்கப் பெண்கள்.

ஆல்பத்தை பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியே கிடந்தால் தூசி படியும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

போர்வை எடுக்கப் போனவள் ஆல்பத்தோடு வந்தாள்.

எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அந்தப் படம் வந்ததும் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அன்னைக்கு நான் போன் பேசிட்டு உள்ள வந்துட்டேன்."

"அப்படியா?"

"படிக்கட்டுல நின்னேன். நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு, கேமராவப் பாத்தீங்க."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வங்கிக்காரன், கான்ட்ராக்டர், கதிரேசன், யார் மேலயும் எனக்குக் கோவம் இல்லைங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

தோசைக்கு மாவு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் மாவு இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

சாம்பல் கோட் வேண்டாம் என்று அமலதாஸிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பூங்கோதை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே விருந்தில் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். நான் படிக்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒளிந்து கேட்கவில்லை, வெங்காயத்தைக் காற்றாட உரிப்பது நல்லது.

முதலில் வயர்மேன்களின் பேரைச் சொன்னாள். ஒவ்வொருவர் பேரும், ஊரும். கழிமுகத்தைத் தாண்டி மீன்பிடிப் படகில் கம்பியை இழுத்துக் கொண்டுபோனதைச் சொன்னாள். அது அவள் யோசனை என்று எனக்குத் தெரியும். ஆனால் படகுக்காரர் ஒருவர் சொன்னதாகச் சொன்னாள். நான் செய்தேன் என்ற சொல் வரவே இல்லை. அந்தச் சாக்பீஸ் விஷயம் மட்டும் வந்தது, அதுவும் தேதி தப்பிய ஊரைப் பற்றி. இவ்வளவு பெரிய வேலை செய்துவிட்டு இவ்வளவு சின்னதாகப் பேச எங்கே கற்றுக்கொண்டாளோ. எனக்குப் பெருமையில் மூக்கு விடைத்தது. வெங்காயமும் உண்டு.

பிறகு, "அந்த நாட்கள்ல எனக்குத் தினமும் ஒரு..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். ஈரத் துணியை உதறும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஆரம்பித்தாள், மறுபடியும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அத விட்டுடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தினமும் ஒரு என்ன என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

காலையில் அவள் காபி குடிக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"பாத்தேன் கோதை."

அவளுக்குப் புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ நிக்கிறதப் பாத்தேன். கூப்புட்டிருக்கலாம். ஆனா அந்த நேரம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அத்தன பேரு கைதட்டுறாங்க. கோட்டும் நல்லா உக்காந்திருந்துச்சு. ஒரு நிமிசம் நாந்தான் எல்லாத்தையும் செஞ்சேன்னு இருந்துச்சு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"எனக்கும் ஆசையா இருந்துச்சுங்க. ஒரு நாளாச்சும் எல்லார் முன்னாலயும் நின்னு அந்தச் சால்வையப் போத்திக்கணும்னு. வெளிய சொன்னா அல்பமா இருக்கும்னு சொல்லல."

"அல்பமா? உனக்கா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை எழுதிவிடுகிறேன்.

அவள் எழுந்து சிங்க்கில் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "எட்டாம் தேதி வாங்க" என்றாள்.

"வரட்டுமா? அப்ப அந்தப் பழுப்புச் சட்டைய..."

"எதுக்கு? உங்களுக்கு எது நல்லா இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதப் போட்டுட்டு வாங்க. குறைச்சு உடுத்திட்டு வந்து, உனக்காகத்தான் இப்படி வந்தேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதீங்க. கோட்டு ஒரு தப்பும் பண்ணல."

அவ்வளவுதான் பேச்சு. ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கடைக்குப் பறந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கறுப்பு சூட். அமலதாஸ் வேறு வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார். "இப்பக் கண்ணுல படலாமாண்ணே?" என்று கேட்டார். படலாம் என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கோட் வந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று பார்த்தேன். பாக்கெட்டுகளின் வாயைத் தைத்தே வைத்திருக்கிறார் அமலதாஸ், நான் எதையும் போட்டுக் கெடுத்துவிடக் கூடாதாம். தோள் ஒரு சுருக்கம் இல்லை. டை கருஞ்சிவப்பு. நான் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்று சொன்னால் பூங்கோதை சிரிப்பாள், அதனால் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அவள் பட்டுச் சேலைதான் கட்ட வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். கடையில் ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்கு வீட்டில் இந்தக் கேள்வி வருவது இதுதான் முதல் தடவை. அந்தப் பச்சைக் காட்டனையே கட்டு, அரக்கு பார்டர், என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானே கஞ்சி போட்டுத் தேய்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடும். பூங்கோதை எதிர் சீட்டில் ஜன்னலோரம் தூங்குகிறாள்.

நேற்று சாயங்காலம் ஓட்டல் வாசலில் காரை விட்டு இறங்கினோம். கண்ணாடிக் கதவில் எங்கள் இருவரையும் பார்த்தேன். கறுப்பு சூட்டில் நான். பக்கத்தில் காட்டன் சேலையில், தோளில் அந்தப் பெரிய பையோடு அவள். யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கை காட்டுவார்கள். பேரவைச் செயலாளர் கழுத்தில் போ டையோடு, கையில் பூங்கொத்தோடு உள்ளே காத்திருப்பது தெரிந்தது. என் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக.

"கோதை, அந்தப் பையக் குடு."

"எதுக்கு? கோட்டு ஷேப் போயிடும்பீங்களே."

"போனாப் போகுது, குடு."

வாங்கி இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பழுப்புத் தோல் பை, பிடி தேய்ந்தது, பக்கவாட்டில் டார்ச் முட்டிக்கொண்டு நிற்பது. கதவு திறந்தது. செயலாளர் முகமெல்லாம் சிரிப்பாக நேரே என்னிடம்தான் வந்தார். "வாங்க சார், வாங்க" என்று பூங்கொத்தை நீட்டினார்.

எனக்குக் கை இல்லை. அவர் என் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். சூட் போட்ட ஒரு மனிதன் ஒரு பெண்ணின் கைப்பையை இப்படிக் கட்டிக்கொண்டு நின்றால் அவன் யாராக இருக்க முடியும் என்று ஒரு கணம் யோசித்திருப்பார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் தலை தானாகத் திரும்பியது. பூங்கொத்தும் கூடவே திரும்பியது.

"மேடம்! வாங்க மேடம்! உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துட்டு இருக்கோம்."

பூங்கோதை பூங்கொத்தை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கல்யாணத்தன்று மணவறையில் அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள், அதைவிட நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு பையை நான் விடவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டே சூப் குடித்தேன். சர்வர் வந்து, வைக்கத் தனி இடம் இருக்கிறது சார் என்றார், இருக்கட்டும் என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு ரிட்டயர்டு தலைமைப் பொறியாளர்.

"நீங்க மின்வாரியத்துல எந்த சர்க்கிள் சார்?"

"நான் ஜவுளிக்கடைல சூட்டிங் செக்‌ஷன் சார். அவங்கதான் மின்வாரியம்" என்று மேடைப் பக்கம் காட்டினேன். மனிதர் உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். சாக்பீஸ் கதையை நான் சொன்னேன். முத்துக்கண்ணு அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். இந்தத் தடவை சரியான தோளில். அவள் அதன் ஓரத்தை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். பதக்கம் போட்டார்கள். பிறகு பேசினாள். தமிழில்தான். வயர்மேன்களின் பேர்கள், படகு, தேதி தப்பிய ஊர், எல்லாம் மொட்டைமாடியில் கேட்டபடியே வந்தது. கத்தி, ஸ்பூன் சத்தமெல்லாம் நின்றுபோயிருந்தது. அத்தனை பெரிய மனிதர்களும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

அந்த இடம் வந்தது.

"அந்த நாட்கள்ல எனக்குத் தினமும் ஒரு துணிப்பை வரும்" என்றாள். "அதுல தேய்ச்சு மடிச்ச, உலர்ந்த சேலை ஒண்ணு இருக்கும். சேத்துலயும் மழையிலயும் நனைஞ்ச துணியோட மறுநாள் ஜனங்க முன்னால போய் நின்னு, இந்தத் தேதிக்குக் கரண்ட் வரும்னு சொல்ற தைரியம் எனக்கு வந்திருக்காது. நான் செவுத்துல எழுதின ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலயும் அந்தத் துணிப்பை இருக்கு. அதக் கொண்டுவந்து குடுத்தவர் அதோ, என் கைப்பையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பை மடியில் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். மேடையைப் பார்த்து நானும் கைதட்ட ஆசைப்பட்டேன், கை ஒழியவில்லை. பையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

கடைசியில் போட்டோ எடுத்தார்கள். "சார், அந்தப் பையக் கீழ வச்சுட்டு வாங்க" என்றார் போட்டோகிராபர். மாட்டேன் என்றேன். ஒரு கையில் மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு அடி பின்னால் நின்றேன். போனில் உடனே அனுப்பிவிட்டார், இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிளேயர் கனத்தில் கோட்டின் இடது தோள் ஒரு விரல் இறங்கி, மார்புப்பக்கம் ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது. இந்தக் கோலத்தைப் பார்த்தால் அமலதாஸ் தலையில் அடித்துக்கொள்வார்.

நாளைக்கு முதல் வேலையாக இதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சூட்டிங் செக்‌ஷனில், மாப்பிள்ளைகள் அளவு கொடுக்கும் இடத்துக்கு எதிரே மாட்ட வேண்டும்.